கயிறு கட்டிய மஞ்சள் டின்

இந்தத் தீவில், டெலானிபூரில், மாடி வீட்டு டிவியிலிருந்து சிரிப்பு வந்து விழுகிறது. யாரோ பதிவு செய்து ஒட்டவைத்த கூட்டச் சிரிப்பு. பழைய நகைச்சுவைத் தொடர். ஒருவனை வேறொருவனென்று நினைத்துக் கட்டிப்பிடிக்கிறார்கள், அவன் விழிக்கிறான். அவன் விழிப்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

சென்னைக் கப்பல் இந்தத் தீவின் கரை தொட்ட காலை. எனக்குக் கீழ்ப் படுக்கையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். ஏறிய நாள் முதல் வாந்தி. முப்பது வருஷம் கழித்து அக்காவைப் பார்க்க வருகிறார். கல்யாணமாகி அக்கா இங்கே துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. வைத்திருப்பது பட்டன் போன். போட்டோ அனுப்ப வழியில்லை.

"கயிறு கட்டுன மஞ்ச டின்னு கையில இருக்கும், அத வச்சுக் கண்டுபிடின்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

இறங்கும்போது அவரால் நிற்கவே முடியவில்லை. கப்பலில் ஒருவர் சாமானை இன்னொருவர் தூக்குவது தீவுக்காரர்களுக்குப் பழக்கம். டின்னை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

துறைமுக ஜெட்டியின் கேட்டைத் தாண்டியதும் ஒரு பெண் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அப்பா மூக்கு. அப்படியே அப்பா மூக்குடா."

சொல்லியிருக்க வேண்டும். டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தரை இன்னும் அலைபோல ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷக் கடல் மொத்தமும் வடிந்து அந்த இரண்டு கண்ணில் நின்றது. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் வந்து சேர்ந்தார். இங்கே முன்பின் தெரியாதவர்களிடம் இந்தியில்தான் பேச்சு. அவள் திரும்பாமலே, "பாய்சாப், தோடா சைடு" என்று தம்பியை விலக்கினாள்.

அவர் விலகி நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டின்னு அவரோடது, அக்கா. நான் தூக்கிட்டு வந்தவன்."

கைகள் என் முகத்திலிருந்து இறங்கின. அவரைப் பார்த்தாள். வழுக்கை, சட்டையில் கறை, யாருடைய மூக்கோ.

"ஒரு டின்னத் தூக்க முடியல, இவரு கடல் தாண்டி வர்றாராம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிவிட்டது. முந்தானையால் அவர் சட்டையைத் துடைத்தாள். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கோயில் கதவு திறந்ததுபோல் நான் ஒதுங்கி நின்றேன்.

ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"ஞாயித்துக்கெழம ஃபெர்ரி ஏறி வந்துருங்க தம்பி, பக்கா. ஒங்களுக்கும் சேத்துத்தான் ஒல வைப்பேன்."