வெளுக்காத கட்டி

ஊரார் அவரை மாட்டு டாக்டரம்மா என்பார்கள். தோலில் சிவப்புக் கட்டி கண்டால், மாடோ நாயோ, கண்ணாடித் துண்டால் அழுத்திப் பார்ப்பார். வீங்கிய ரத்தக்குழாய் என்றால் பெரும்பாலும் வெளுத்துவிடும்; வெளுக்காவிட்டால் புற்றாகவும் இருக்கலாம்.

ஒருநாள் காலை, சட்டை மாற்றிய கணவரின் முதுகில் கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி தெரிந்தது. அழுத்தினார், வெளுக்கவில்லை.

"நான் என்ன, உன்கிட்ட வர்ற எருமையா?" என்று கணவர் சிரித்தார்.

"எருமையாவது சொன்னா கேக்கும். கிளம்புங்க."

தோல் டாக்டர் கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். டாக்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்தில் முன்னால் நின்றவரின் கழுத்து மருவைக்கூட உற்றுப் பார்த்து முறைப்பு வாங்கினார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது: ரத்தக்குழாய்க் கட்டிதான், உள்ளே ரத்தம் உறைந்ததால் வெளுக்கவில்லை, ஆபத்தில்லை. அப்பாடா என்று சொல்ல வாயெடுத்த டாக்டரம்மா, அங்கேயே அழுதுவிட்டார்.