மெழுகில் மீந்தது

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டை மெழுகுக்குள் உறையவிட்டு, வெங்காயத் தோல்கூடத் தடிமன் என்று தோன்றும் அளவுக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டர் மேசையில் வைப்பது என் தொழில். ஆளை நாங்கள் பார்ப்பதில்லை. போத்தலில் ஒட்டிய பெயரும் எண்ணும் வரும், நகக்கண் அளவு சதை வரும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவச் சேர்ந்தவன் நான். பக்கத்தில் நின்று பார்த்தும், யாரோ ஒதுக்கிப் போட்ட புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தும் சீவக் கற்றுக்கொண்டேன். பயாப்சி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது நீங்கள் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

என் மனைவி மல்லிகா தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தாள். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எங்களுக்கு வரும் துண்டுகளில் மார்பகத் துண்டுகள் அதிகம். அதில் ஒன்று அவளுடையதாக இருக்கப்போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பால் சுரந்த பையன்

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே கீழ் மாடியில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். இரண்டு மார்பும் கோலிக்குண்டு போல வீங்கி, தொட்டால் வெள்ளையாகக் கசிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் அம்மாள் அதைப் பிதுக்கி எடுத்துவிட வேண்டும் என்று கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளையின் தாய் பயந்துபோய் மல்லிகாவைக் கூப்பிட, மல்லிகா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பிதுக்கினால் சீழ் வைத்துவிடும், கை வைக்காதீர்கள் என்றேன். வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் பிள்ளைக்கும் போகிறது. மார்புக்கு ஆண் பெண் தெரியாது. சொன்ன வேலையைச் செய்கிறது. சில வாரங்களில் தானாக வற்றிவிடும், சந்தேகமிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அந்த அம்மாள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. மார்பில் ஒரு சொட்டு மட்டும் தானாகத் திரண்டு நின்றது. அந்த அம்மாள் அதைக் காட்டிச் சொன்னார்.

"அப்ப இவன் இன்னும் முழுசா வெளிய வரலன்னு சொல்லுங்க."

ஹமீது பாயின் ரகசியம்

மல்லிகாவின் முதலாளி ஹமீது பாய். மூன்று தலைமுறையாகத் தேக்காவின் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பம். ஒரு நாள் என்னைக் கிட்டங்கிக்குள் அழைத்துப் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சட்டைப் பித்தானைக் கழற்றினார். இடது மார்பு மட்டும் வயதுக்கு வரும் பெண்ணுக்கு இருப்பதுபோல் எழும்பியிருந்தது. நரைத்த முடிக்கு நடுவே அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். பயத்தைவிட வெட்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆண்களுக்கும் மார்பில் புற்று வரும், அபூர்வம் என்றாலும் வரும், உடனே போய்க் காட்டுங்கள் என்றேன். போனார். துண்டு எங்களிடமே வந்தது. புற்று இல்லை. இருதயத்துக்காக வெகுகாலம் சாப்பிட்டுவந்த ஒரு மாத்திரை ஹார்மோன்களின் சமநிலையைக் கெடுத்திருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்ற, வீக்கம் வடிந்தது. எல்லா ஆண்களுக்குள்ளும் பால்குழாய்கள் பிறவியிலேயே கொஞ்சம் இருக்கின்றன, தூண்டுதல் கிடைக்காததால் அப்படியே கிடக்கின்றன என்று அவருக்கு விளக்கினேன். கொத்தமல்லியை நிறுத்துக்கொண்டே கேட்டவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபது வருஷமா ஒரு பொம்பள எனக்குள்ள வாயத் தொறக்காம உக்காந்திருந்திருக்கா தம்பி, என் வீட்டுக்காரி ஒரு நாள் அப்படி இருந்ததில்லையே."

கலங்கிய போத்தல்

துண்டுகள் அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் மிதந்து வரும். ஃபார்மலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு காலையில் வந்த போத்தலில் அது அரிசி களைந்த நீர்போல் கலங்கியிருந்தது. என்னோடு வேலை பார்த்த ரோஸி, யாரோ தப்பான திரவத்தை ஊற்றிவிட்டார்கள் என்றாள். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். துண்டிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று இறங்கி அடியில் படிந்திருந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயின் மார்பிலிருந்து எடுத்தது. வெட்டுப்பட்ட குழாய்களில் இருந்த பால் வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்தத் தாய்க்குப் புற்று இல்லை, பால் கட்டிக்கொண்டதுதான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. ரோஸி பிரசவ விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். போத்தலைக் கீழே வைத்தவள் சட்டென்று திரும்பி நின்றாள். அவள் கோட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

"எந்தப் புள்ள அழுதுச்சுன்னு தெரியலண்ணே, எனக்கும் வந்துருச்சு."

மல்லிகாவின் முறை

மாதவிலக்கு நின்று சில வருஷம் கழித்து மல்லிகாவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிப்பார்த்தேன். தெரிந்த இடம்தான் வேண்டும் என்றாள். சொந்தக்காரரின் போத்தலைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. ரோஸி எடுத்துக்கொண்டாள். அடுத்த மேசையில் நான் யாருடையதையோ சீவிக்கொண்டிருந்தேன். சீவும் இயந்திரத்தின் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னச் சத்தம் போடும். வருஷக்கணக்காகக் கேட்டுக் காதில் விழாமல் போன சத்தம். அன்று ரோஸியின் சக்கரம் மட்டும் எனக்குக் கேட்டது.

புற்றுதான். அதற்கு அடுத்த சோதனை, அந்தச் செல்கள் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ரகமா என்று பார்ப்பது. வாங்கும் ரகம் என்றால் சாயத்தில் பழுப்பாக மாறும். இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். பழுப்பு வந்தால் மாத்திரையால் அதைப் பட்டினி போடலாம். அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பழுப்பு வரட்டும் என்று வேண்டிக்கொள்வோம். மல்லிகாவுடையது பால் விடாத கோப்பி-ஓ கொட்டியதுபோல் அடர்ந்த பழுப்பாக வந்தது. எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள்.

அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள் மல்லிகா. எங்கள் தலைமை டாக்டர் லிம் நல்ல மனுஷி. ஒரு மதியம் அவளை வரச் சொல்லி, மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். நான் பக்கத்தில் நின்று விளக்கினேன். அவள் பெரியவள் ஆனபோது மார்பை வளரச் சொன்னதும், மாதாமாதம் கனக்கவைத்ததும், இப்போது தனிக்குடித்தனம் போய்விட்ட எங்கள் மகனுக்குப் பால் சுரக்கத் தயார் செய்ததில் பாதியும் ஈஸ்ட்ரோஜன் என்ற அந்த ஒரே ஹார்மோன்தான். இப்போது கருப்பை ஓரத்துச் சூலகங்கள் ஓய்ந்துவிட்டன; ஆனாலும் உடம்புக் கொழுப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறது. பழுப்பாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் அதற்காக வாயைத் திறந்து வைத்திருக்கிறது. மல்லிகா கண்ணை எடுக்கவே இல்லை. போதும் என்று நான் தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இத்தன பேரு சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்களா? வீட்டுல நாம ரெண்டு பேருதான்னு நெனச்சேங்க."

கடல்

அறுவை சிகிச்சை முடிந்து தினமும் ஒரு மாத்திரை. அது அந்த வாய்களில் போய் உட்கார்ந்துகொண்டு ஹார்மோனை உள்ளே விடாது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்று கடையின் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். வாங்குகிறீர்களா, காவலா என்று கேட்டுச் சிரிப்பார் ஹமீது பாய். நல்ல வருஷங்கள் அவை. ஆனால் இந்தப் பழுப்பு ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. வெகுகாலம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, மறந்துபோன பிறகும் சிலருக்குத் திரும்பி வரும். மல்லிகாவுக்கு முதுகெலும்பில் வந்தது.

மண்டாய் மயானத்தில் தகனம் முடிந்து, மகனோடு படகில் போய் அஸ்தியைக் கரைத்தோம். அவள் தம்பி பானையைக் கவிழ்த்து, கடல்நீர் மொண்டு அலசி, உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை என்று எனக்குக் காட்டினான். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சீவியது போக மீந்ததை நாங்கள் எறிவதில்லை; ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறையில், அலமாரி இழுப்பறையில், சுண்டுவிரல் நுனி அளவு மெழுகுக் கட்டிக்குள் அவள் இருந்தாள். நெருப்பும் தண்ணீரும் அங்கே போகவில்லை. இதை யாரிடம் சொல்வது?

"ஒரு துளிகூட மிச்சம் இல்ல மாமா, அக்கா முழுசாப் போயிட்டா."

இழுப்பறையிலிருந்து வந்த தட்டு

ஹார்மோன் சோதனைக்குப் போகும் ஒவ்வொரு கண்ணாடியிலும், நோயாளியின் துண்டோடு இன்னொரு துண்டையும் ஒட்டுவோம். நிச்சயம் பழுப்பாகும் என்று முன்பே தெரிந்த, வேறு யாருடையதோ ஒரு துண்டு. அது பழுப்பானால் சாயம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அது ஆகவில்லை என்றால் அந்தக் கண்ணாடியில் எதையும் நம்பக் கூடாது. மல்லிகா போய்ச் சில வருஷங்களில் அப்படி வைத்திருந்த மெழுகுக் கட்டி தீர்ந்துவிட்டது. வைத்திருக்க வேண்டிய காலம் கடந்த பழைய கட்டிகளில் நல்ல அடர் பழுப்பாக வந்தவற்றைப் பொறுக்கி, ஒரு தட்டில் கொண்டுவரச் சொன்னார் டாக்டர் லிம். தட்டில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஓர் எண் எனக்கு மனப்பாடம்.

சொன்னேன். டாக்டர் லிம் கையை இழுத்துக்கொண்டார். வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்; விரும்பினால் இதை முறைப்படி என்னிடமே தந்துவிடுவதாகவும் சொன்னார். கொண்டுபோய்க் கடலில் போட்டால், எல்லாரும் நம்பியபடியே எல்லாம் முடிந்ததாகிவிடும். இங்கே கொடுத்தால் தினம் கத்தி படும். யார் யாரோ பெண்களின் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒரு நாள் வெறும் மெழுகு மட்டும் மிஞ்சும். இரண்டையும் என்னால் தாங்க முடியாது போலிருந்தது. அலமாரியிலேயே வைத்துவிட்டு, இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடலாமா என்று ரோஸியிடம் கேட்டேன்.

"அக்காவ உள்ள வச்சுப் பூட்டிட்டு நீங்க நிம்மதியா இருக்கப் போறீங்களாண்ணே?"

நீலக் காலை

கொடுத்தேன். முதல் தடவை நானே சீவினேன். மெழுகு நாடாவாக நீண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தது. மூச்சு விட்டால் நகர்ந்தது. அதன்பிறகு தினமும் காலையில் முகம் தெரியாத ஒரு பெண்ணும் அவளுக்குக் கீழே மல்லிகாவும் ஒரே கண்ணாடியில் இருந்தார்கள். மல்லிகா ஒரு நாளும் தவறாமல் பழுப்பானாள்.

ஒரு காலையில் இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்த கண்ணாடியில் மேலே இருந்த பெண் முழு நீலம். ஹார்மோன் ரகம் இல்லை, மாத்திரை பயன்படாது என்று எழுதி அனுப்ப வேண்டிய முடிவு. கண்ணைக் கீழே நகர்த்தினேன். மல்லிகாவும் நீலம். அவளை நான் அந்த நிறத்தில் பார்த்ததே இல்லை. கண்ணாடி விரலில் சில்லிட்டது. அவள் இறந்த அன்று காலை கையைத் தொட்டபோது இருந்த அதே சில்லிப்பு. ரோஸியைக் கூப்பிட்டேன். இயந்திரத்தில் பழுப்புச் சாயம் சொட்டும் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, இரண்டு பேரையும் புதிதாகச் சீவி, மறுபடி ஏற்றினோம். மதியம் எடுத்தபோது மேலேயும் பழுப்பு, கீழேயும் பழுப்பு. அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. இந்நேரம் எங்கேயோ மாத்திரை போட்டுக்கொண்டு, உடம்பு கொதிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருப்பாள். ரோஸி இரண்டு கண்ணாடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணும்னே பேசாம இருந்திருக்காங்கண்ணே, நம்மள நிமிந்து பாக்க வைக்க."

ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வயதாகிவிட்டது, போன வருஷம் அனுப்பிவிட்டார்கள். கேக் வெட்டினார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போய் வருகிறேன். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வரும் பையன்கள் நடைபாதையை நிறைத்துக்கொண்டு ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ரோஸி காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். புது இயந்திரம், புது ஆட்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்க நினைத்தது மல்லிகாவைப் பற்றி. அவளாகவே இரண்டு விரலை நெருக்கிப் பிடித்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டினாள். மெழுகுக் கட்டி இன்னும் அவ்வளவு இருக்கிறது.

"நீங்கதாண்ணே ரிட்டையர் ஆயிட்டீங்க, அக்கா நேத்தும் எனக்கு முன்னாடியே மேசைக்கு வந்துட்டாங்க லா."

எங்கள் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்பது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான்.