நீலாம்பாள் அக்கா வாய்க்காலில் விட்ட செடிகள்

திருவையாற்றில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக் நான்தான். பூச்சி பெருகினால் எனக்குத்தான் கொண்டாட்டம் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். நீலாம்பாள் அக்காவைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பதினைந்து வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான்.

முப்பது வருடம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, ஆற்றுப் படுகையில் ஒரு மா, அதாவது முப்பத்து மூன்று சென்ட், நிலம் வாங்கி, கத்தரி போட்டவர் அவர். சாதாரணக் காரியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு தப்பு நடந்தால் அது கண்டிப்பாக வேறு யாரோ செய்தது. புருஷன் செத்துப்போனதுகூட புருஷனின் தப்புதான்.

போன தை மாதம் ஒரு கத்தரிக் கிளையைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார்.

"பாய், இது என்ன, உடம்பு பூரா விபூதி பூசிக்கிட்டு வந்து உக்காந்திருக்கு?"

தண்டிலும் இலைக்கு அடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது, பப்பாளியில் ஆரம்பித்துக் கத்தரி வரைக்கும் சாறை உறிஞ்சிவிடும் என்றேன்.

"நம்ம பயலுவளுக்கே விசா கெடைக்கல. இதுக்கு எவன் குடுத்தான்?"

பூச்சி பிடித்த செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி எரிக்கச் சொன்னேன். வாய்க்காலில் மட்டும் போடாதீங்க, தண்ணீரோடு போய் அடுத்தவர் வயலில் ஏறிவிடும் என்றும் சொன்னேன். பிடுங்கச் சொன்ன வரைக்கும்தான் காதில் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் வேண்டாதது எதுவானாலும் வாய்க்காலுக்குத்தான். கிழிந்த பாய், உடைந்த சாமி படம், செத்த கோழி, எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோய்விடும். எங்கே கொண்டுபோகிறது என்ற கவலை கீழ்மடைக்காரனுக்கு. அக்கா நாற்பது செடிகளை வாய்க்காலில் தள்ளிவிட்டு, மறுநாள் என் கடைக்கு வந்து பெருமையாகச் சொல்லிவிட்டும் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதே வாய்க்காலில் மூன்று கிலோமீட்டர் கீழே அவர் மகள் சுடர்விழி வாக்கப்பட்டிருக்கிறாள். பி.எஸ்சி. படித்தவள். மாமியார் மேகலா அந்த வருடம்தான் அரை மா நிலத்தை அவள் பொறுப்பில் விட்டிருந்தார். "ஒரு வெள்ளாமை பாக்குறேன். சரிப்படலைன்னா தேக்கங்கன்னு வச்சுருவேன்" என்று கெடுவும் வைத்திருந்தார். சுடர்விழி போட்டிருந்ததும் கத்தரிதான்.

மாசி பிறந்ததும் அம்மாவும் மகளும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். சுடர்விழி போனில் படம் காட்டினாள். பாதிக் கொல்லை வெள்ளையாகக் கிடந்தது.

"மேலேருந்து எவளோ செடியப் புடுங்கி வாய்க்கால்ல விட்டுருக்கா பாய். எங்க மடை வாயில கொத்தா சிக்கிக் கெடந்துச்சு. எல்லாம் கத்தரிச் செடி."

நீலாம்பாள் அக்கா உடனே ஆரம்பித்தார். "அவ கை வெளங்குமா? அவ குடும்பம் உருப்படுமா? அவ வயித்துல பொறந்தது..."

அங்கே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் மருந்து டப்பாக்களைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கே பயமாக இருந்தது.

"நான்தாண்டி" என்றார்.

 சுடர்விழி போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள். ஒரு தப்பைத் தன் தப்பு என்று அக்கா ஒத்துக்கொண்டார். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றார். செடிகளைக் கட்டக் காலிச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"எம் பொண்ணு ஒழுங்காத்தான் பயிர் பண்ணுனா. நாசம் பண்ணுனது நான். நெலத்த அவகிட்டேருந்து வாங்கிறாதீங்க சம்பந்தி. நானே எறங்கி சுத்தம் பண்ணித் தர்றேன்."

 "சரி, இன்னும் ஒரு வெள்ளாமை பாப்போம்" என்றார் மேகலா.

அக்கா வயலுக்குப் போனார். சுடர்விழி கையை நீட்டி அவரை வரப்பிலேயே நிறுத்தினாள். இந்தப் பூச்சியின் குஞ்சு துணியில் ஒட்டிக்கொண்டும் வரும் என்பது அவளுக்குத் தெரியும்; மிச்சப் பாதிக் கொல்லையாவது தப்ப வேண்டுமே.

"சேலைய உதறிட்டு எறங்கு."

கூலி ஆட்கள் நான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா முந்தானையை எடுத்து உதறினார். கொசுவத்தையும் உதறினார்.

"இன்னொரு தடவை" என்றாள் மகள்.

உதறினார்.