நோரீன் ஆரஞ்சு வாசனை பிடித்த சனிக்கிழமை

அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் காயவைக்கிறவர்கள் ஆளுக்கொரு கருவி வைத்திருப்பார்கள். பூவில் ஈரம் எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். நோரீன் லவால் அதைத் தொட்டதே இல்லை. கீழிருந்து சூடான காற்று ஏறும் தளத்தில், இடுப்பளவு பச்சைப் பூக்குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கசக்கி, மூக்கருகே கொண்டுபோவார். “இன்னும் நாப்பது நிமிஷம்” என்பார். அதற்கு முன்னால் எடுத்தால் பூ புழுங்கும், பிந்தினால் பொடியாகும். இருபத்தாறு அறுவடை இப்படித்தான் நடந்தது.

கொரோனா வந்த குளிர்காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டார். வாசனை மட்டும் திரும்பவில்லை. அடுத்த அறுவடையில் ஒரு தளம் நிறையப் பூ அவர் கண்ணெதிரே காய்ந்து தூளானது. நோரீனே மேஸ்திரி சூய் பராஹாஸிடம் போய், “என்னைய லாரி ஓட்டப் போடு சூய். நான் இங்க நின்னு பிரயோஜனமில்ல” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடுப்பில் ரொட்டி கருகிப் புகை சூழ்ந்தபோதும், எச்சரிக்கை மணி அலறித்தான் அவருக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

அதே பள்ளத்தாக்கில், மாக்ஸி ஊரில் பழைய டிராக்டர் பட்டறை ஒன்றில் என் தங்கை டாக்னி பீர் காய்ச்சுகிறாள். நான் ஊற்றிக் கொடுக்கிறேன். மொத்தம் பதினோரு நாற்காலி. நோரீன் அந்தப் பக்கமே வராதவர். “வேலை நேரம் பூரா மூக்குல ஏறுறத, காசு குடுத்து வாயிலயும் ஊத்திக்கணுமா?” என்று கேலி செய்வார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மதியம் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்பக் கசப்பானது எது?”

“என்ன நோரீன், திடீர்னு?”

“நாக்கு வேல செய்யுது, மூக்குதான் செத்துப்போச்சுங்கறார் டாக்டர். சூப்பு வெந்நி மாதிரி இருக்கு. பீச் பழம் ஈரப் பஞ்சு மாதிரி இருக்கு. கசப்பு ஒண்ணுதான் பளிச்சுனு தெரியுது. அதையாவது நல்லா அனுபவிக்கிறேன், ஊத்து.”

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கிளாஸ். குடித்துவிட்டு, “இது கசப்பா? எங்க வீட்டுத் தண்ணி இதவிடப் பரவால்ல” என்று டாக்னியைச் சீண்டுவார். டாக்னிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்தம்மாவ ஒரு நாளாவது முகம் சுளிக்க வைக்கல, நான் பட்டறைய இழுத்து மூடிடறேன்” என்றாள்.

நோரீன் வர ஆரம்பித்த இரண்டாவது வருடம் செப்டம்பரில் அவள் ஒரு காரியம் செய்தாள். காயவைத்த பூவை விட்டுவிட்டு, கொடியிலிருந்து அன்று காலை இறக்கிய பச்சைப் பூவைக் கேட்டாள். மூட்டைகளைக் கொண்டுவந்தது நோரீனின் லாரிதான். பட்டறை முழுக்க வாசனை தூக்கியடித்தது. ஓட்டிவந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் பூ கொதிக்கும் கொப்பரையில் விழுந்தது. போதாதென்று, புளிக்கும்போது இன்னொரு பங்கைக் கொட்டினாள். ஒன்பது சதவீத ஆல்கஹால் ஏறிய சரக்கு.

நாலு வாரம் கழித்து, அக்டோபர் சனிக்கிழமை மதியம், முதல் கிளாஸை நோரீன் முன்னால் வைத்தேன். மங்கலான பொன்னிறம், மேலே விரல் தடிமனுக்கு நுரை. டாக்னி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

நோரீன் ஒரு வாய் விழுங்கினார். முகம் சுருங்கியது.

“அப்பாடா!” என்றாள் டாக்னி.

“கசக்குதுடி. நெஜமாவே கசக்குது.” இன்னொரு வாய் குடித்தார். கிளாஸ் பாதி வழியில் நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “இங்க யாரு ஆரஞ்சு உரிக்கிறது?”

“யாரும் இல்லையே.”

“விளையாடாத. ஆரஞ்சுத் தோல். இப்ப வந்துச்சு.”

அவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். நுரை மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டது. மறுபடி மூச்சை இழுத்தார். துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“டாக்னி! இதுல இருக்கு! இதுக்குள்ளதான் இருக்கு!”

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மரப்பலகையை முகர்ந்தார், ஒன்றுமில்லை. சோப்பு, ஒன்றுமில்லை. என் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்தார். “டேய், இந்தச் சட்டைய ரெண்டு நாளா போட்டிருக்க!”

“மூணு நாள்.”

“மூணு நாள்! கேட்டுக்கங்க, மூணு நாளாம்!” பட்டறையே கைதட்டியது. காப்பித் தூள் டப்பாவைத் திறந்ததும் முகம் கோணியது. “காப்பி போயி செத்த எலி மாதிரி நாறுது” என்றார். உடனே டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். “நாறுதுடா! நல்லாவே நாறுது!” டாக்னி பீர் ஊற்றும் மேடைக்குப் பின்னால் குனிந்து ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சூய்க்குப் போன் போட்டேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வேலையிலிருந்து அப்படியே கிளம்பியவர், பையில் ஒரு பிடி காய்ந்த பூவோடு வந்திருந்தார்.

“தோன்யா” என்றார், ஸ்பானிஷில் ‘அம்மா’ என்பது மாதிரி மரியாதையாக. “கண்ண மூடுங்க. சொல்லுங்க பாப்போம்.”

நோரீன் கசக்கினார், முகர்ந்தார், வெகு நேரம் எடுத்துக்கொண்டார். “பைன் மரம் தெரியுது. ஆனா சரியாக் காயல. பத்து நிமிஷம் முன்னாடியே எடுத்துட்ட.”

சூய் நெளிந்தார். “தோன்யா, மன்னிச்சுக்கங்க. நல்லாத்தான் காஞ்சிருக்கு. நானே ரெண்டு தடவ பாத்தேன்.”

“அப்படியா? சரி, தப்பு. தப்பாவாவது தெரியுதே!” என்று சூய் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது கிளாஸும் வாங்கினார். அதை ஒரு மணி நேரம் குடித்தார். குடித்ததைவிட முகர்ந்ததுதான் அதிகம்.

நோரீன் தன் வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு, சூய் ஓட்ட வீட்டுக்குப் போனார். கார் ஜன்னல் கண்ணாடி இரண்டும் இறக்கியிருந்ததாம். ஆப்பிள் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாராம், மாட்டுப் பட்டியில் நிறுத்தச் சொன்னாராம். பத்து நிமிஷப் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆனது என்று சூய் திங்கட்கிழமை சொன்னார். “மாட்டுச் சாணி கொஞ்சம் வருதுன்னு அழுதாங்கப்பா. நானும் அழுதேன். என் பொண்டாட்டி நம்பல.”

வாசனை பெரும்பாலும் திரும்ப இன்னும் பத்து மாதம் பிடித்தது. ஒவ்வொன்றாக, ஒழுங்கில்லாமல் வந்தது. ரோஜா மட்டும் வரவே இல்லை, போகட்டும் என்கிறார். ஆகஸ்டில் முதல் கொடி இறங்கிய அன்று சூய் அவரைக் காயவைக்கும் தளத்துக்கே திரும்ப அழைத்துக்கொண்டார். அவர் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருந்த லாரிக்கு மட்டும் இரண்டு ஆள் போட வேண்டியிருந்தது.