கேட்டு வாங்கக் கூடாத செடி

நேற்று மத்தியானம் எங்கள் ஆபீசில் நானும், கேஷ் பார்க்கும் சுமதி அக்காவும், டீ கொண்டுவந்த அம்மாளும் இருந்தோம். மேனேஜர் இல்லை. ஏதோ ஒரு கையெழுத்துக்காகச் சூலக்கரைப் பக்கம் போயிருந்தார். அவர் மேசையில் இருந்த மணி பிளாண்ட் மட்டும் கண்ணாடி ஜாடிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தது. சுமதி அக்கா எழுந்து போனார், வாசலை ஒரு பார்வை பார்த்தார், கொடியில் ஒரு சாண் நீளம் ஒடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கேட்டா அவரே குடுப்பாரேக்கா."

"கேட்டு வாங்குனா வெளங்காதுப்பா. தெரியாம எடுத்தாத்தான் தளதளன்னு வரும்."

சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஐந்து ரூபாய் இடித்தால்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடுகிறவர் அவர். அவ்வளவு யோக்கியமான கை எப்படி அத்தனை சுளுவாக ஒடித்தது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒடித்த இடத்திலிருந்து அந்த வாடை வந்துவிட்டது. நறுக்கிய பீர்க்கங்காயும் பாசி பிடித்த தொட்டியும் கலந்த மாதிரி ஒரு பச்சை வாடை. ரொம்பப் பேருக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும். அதை மோந்துதான் நான் முதல் சம்பளம் வாங்கினேன்.

செடிகளில் இதைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. பூக்காது, காய்க்காது, கோழிகூடக் கொத்தாது. மண் வேண்டாம், வெயில் வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணீர் கிடைத்தால் போதும், கணுவிலிருந்து வெள்ளையாக நாலு நூலை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதற்குத்தான் எத்தனை பேர் சேவகம் பார்க்கிறார்கள்! இப்போது போனைத் திறந்தாலே யாராவது ஒருவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி வேரைக் காட்டுகிறார். பின்னால் வீணை வேறு வாசிக்கிறது.

காலேஜ் முடித்த கையோடு, ஆனைக்குட்டம் போகிற வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதே கம்பெனியில் அம்மா பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். அப்பா லோடு லாரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பார். நான் பீகாம் என்பதில் கம்பெனியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் போர்மேன் அழகர். என் பெயரைச் சொல்ல வேண்டிய வேலை அவருக்கு மிச்சமாயிற்று. "ஏலே பீகாம், அந்த ஃபேனைப் போடு. ஏலே பீகாம், டீ வந்துருச்சா பாரு."

அம்மாவுக்கு அப்போது இருமல். சும்மா சளி இருமல் இல்லை. விடிகாலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு பாட்டம் இருமி முடித்தால்தான் அடுப்புப் பக்கம் போக முடியும். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் விரல் நுனியெல்லாம் வெள்ளிப்பூண் கட்டிய மாதிரி மினுங்கும். கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர், மருந்து ரூம் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் தூசி இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், லேபிள் ஒட்டுகிற ரூம். போர்மேனிடம் கேட்டேன். "லேபிள் ரூமுக்கு எல்லாருந்தான் போகணுங்காக. அப்புறம் மருந்த யாரு, நீ வந்து செலுத்துறியா?" என்றார். ஆகவே முதலாளியம்மாவிடம் கேட்பது என்று முடிவு செய்து, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு ஏஜெண்டுகளிடம் தீபாவளி ஆர்டர் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் முதலாளியம்மாவுக்கு வாஸ்து பார்க்கிற ஒருவர் வாய்த்திருந்தார். வருகிற ஏஜெண்டுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் மணி பிளாண்ட் கொடுத்தால் ஆர்டர் கொடி கட்டிப் படரும் என்று அவர் சொல்லிவிட்டார். நான் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"காசு குடுத்து வாங்குனா வெளங்காதாம் தம்பி. கேட்டு வாங்குனாலும் வெளங்காதாம். எடுத்துட்டு வரணும்."

"எடுத்துட்டுன்னா எப்படிம்மா?"

"எடுத்துட்டுன்னா எடுத்துட்டுத்தான்."

எத்தனை குடைந்து கேட்டும் அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற குடும்பம், பாருங்கள். திருட்டையும் கூலிக்கு ஆள் வைத்துத்தான் செய்தார்கள். நான் அந்த நேரம் பார்த்து அம்மாவின் இருமலைச் சொன்னேன். "அதுக்கென்ன, ஆடிப்பெருக்குக்குள்ள வேர் விட்டுட்டா ஒங்கம்மாவ லேபிள் ரூமுக்கு மாத்திருவோம்" என்றார். ஒரு பெண்ணின் நெஞ்சுக்கூட்டை ஒரு கொடியின் கணுவில் கட்டித் தொங்கவிட்டார். அன்றைக்கு அது எனக்கு வரமாகத்தான் பட்டது. படித்தவன் இல்லையா, கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு நான் சிவகாசி முழுக்க எடுத்தேன். பல் டாக்டர் வீட்டு வராண்டாவில் மஞ்சள் கோடு போட்ட கொடி, கல்யாண மண்டபத்துத் தூணில் சுற்றியது, வக்கீல் ஒருவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே தலையை நீட்டியது. வக்கீல் வீட்டு வாட்ச்மேன் கையும் கொடியுமாகப் பிடித்துவிட்டார். "படிச்ச புள்ள மாதிரி இருக்க, எல பறிச்சுட்டுத் திரியுறியே" என்றார். போர்மேனும் தன் பங்குக்கு ஒரு கோணிப்பை கொண்டுவந்து கொட்டினார். பூராவும் இலை. வெற்றிலைக் கடைக்கு லோடு இறங்கின மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, கணுவோட வெட்டணும். கணு இல்லாட்டி வேர் வராது."

"எல இருக்குல்ல? தண்ணில போடுலே, வரும். நீ படிச்சதெல்லாம் இங்கன வேணாம்."

கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும், தண்ணீரை நாலு நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், இவ்வளவுதான் வித்தை. இதற்குப் படிப்பே வேண்டியதில்லை. பாட்டிலுக்குச் செலவு செய்ய மனசில்லாமல் பிராந்திக் கடை வாசலில் பொறுக்கிய குவார்ட்டர் பாட்டில்களைக் கழுவி, அதன்மேல் லட்சுமி படம் போட்ட லேபிளை ஒட்டினார்கள். முகர்ந்து பார்த்தால் லட்சுமிக்குப் பின்னாலிருந்து லேசாக பிராந்தி அடிக்கும். போர்வெல் தண்ணீர் உப்பு, அதனால் செடிகளுக்குக் கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லி உத்தரவு. ஷெட்டுகளில் வேலை பார்த்த பெண்கள் குடித்ததோ அந்த உப்புத் தண்ணீர்தான். இதைச் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை.

"அப்ப நானும் ஒரு பாட்டிலுக்குள்ள கால விட்டு நின்டுக்கிறவாடா?" என்றாள்.

ஆடி பிறந்தபோது ஆபீஸ் ஜன்னல் விளிம்பு நெடுக வேர். சுண்டுவிரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று. செடியை எவ்வளவு இளக்காரமாக நினைத்தேனோ அவ்வளவுக்கு அந்த வேர்களைத் தினமும் குனிந்து குனிந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வேரும் லேபிள் ரூமை நோக்கி இறங்குகிற மாதிரி இருந்தது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போர்மேனுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஆபீசைத் திறந்தபோது இலைகளெல்லாம் கழுத்தறுந்த மாதிரி தொங்கின. வேர்கள் வெந்த சேமியா நிறத்துக்கு வந்திருந்தன. பாட்டிலுக்கு அடியில் கரையாத வெள்ளைக் கட்டி.

"என்ன போட்டீக அண்ணாச்சி?"

"வெடியுப்புதான்லே. உரக்கடையிலயும் இதத்தான விக்கான்? பூஜைக்குள்ள நல்லா கொழுக்கட்டும்னு பாட்டிலுக்கு ஒரு கை போட்டேன்."

வெடியுப்பு உரம் என்பது நிஜம்தான். ஒரு குளத்துக்குப் போடுகிற உப்பை ஒரு குவார்ட்டர் பாட்டிலில் போட, மருந்து ரூமிலேயே தலை நரைத்த ஒருவரால்தான் முடியும். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "உன் கை ராசியில்லாத கை" என்றார். லேபிள் ரூம் அத்தோடு போயிற்று என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது.

அது வந்த கதை வேறு. கேட்டில் பெண்களை விடும்போது தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று இடுப்பு மடியை, தூக்குவாளியை எல்லாம் தடவிப் பார்ப்பார்கள். தலையில் வைத்த பூவை யாரும் பார்ப்பதில்லை. அம்மா ஒருநாள் ஆபீஸ் ஜன்னலில் இருந்து ஒரு கணு ஒடித்து, கனகாம்பரத்தோடு செருகிக்கொண்டு ஜம்மென்று வெளியே வந்துவிட்டாள். "எடுத்தாத்தான் வெளங்குமாமே, நானும் எடுத்தேன்" என்று தங்கச்சி செல்வியின் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். அந்த ஒன்று மட்டும் போர்மேனின் கைக்குத் தப்பி, எங்கள் வீட்டு ஜன்னலில் கொடி விட்டிருந்தது.

"எங்க வீட்டுல ஒண்ணு நல்லா வேர் விட்டுருக்கும்மா. கொண்டாரவா?"

முதலாளியம்மா பதறிப்போனார். "கொண்டாராத தம்பி! நீ குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? நானே வாரேன்."

பெரிய ஏஜெண்டு ஒருவருக்காவது அதைக் கொடுத்துவிட வேண்டும், மற்றவர்களுக்கு எவர்சில்வர் டப்பா போதும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் கார் வந்தது. அம்மா என்னைக் கன்னத்தில் அறையாத குறைதான். "கூறுகெட்டவனே, அது எங்கன உள்ள செடின்னு கண்டுபிடிச்சா எனக்கும் வேல போச்சு, உனக்கும் போச்சுல்ல?" மஞ்சள் கோடு போட்ட கொடி, பல் டாக்டர் வீட்டு இனம். ஒளித்து வைக்கவும் நேரமில்லை.

முதலாளியம்மா பட்டுச்சேலையில் உள்ளே வந்து, தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஊற்ற ஊற்ற, "வீடு குளுகுளுன்னு இருக்கு" என்றார். பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல இருந்த மாதிரியே இருக்கே?"

"எல்லாம் ஒரே சாதிச் செடிதானம்மா" என்றாள் அம்மா. "நீங்க உக்காருங்க, டீ போட்டுட்டு வாரேன். வாங்களேன்டா ரெண்டு பேரும், எனக்கு அடுப்புல வேல கெடக்கு."

டீ போட மூன்று பேர் பின்கட்டுக்குப் போனோம். உலகத்தில் எந்தத் திருட்டுக்கும் வீட்டுக்காரர்கள் இவ்வளவு ஒத்தாசை செய்திருக்க மாட்டார்கள். உள்ளே கொடியோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. மணி பிளாண்ட் முற்றினால் கயிறு மாதிரி, நகத்தில் கிள்ள வராது. பாட்டில் தரையில் உரசியது, வளையல் குலுங்கியது, ஒரு பெருமூச்சு வந்தது.

"பல்லால கடிக்காகளோ?" என்றாள் செல்வி காதுக்குள்.

அம்மா அவள் வாயைப் பொத்திவிட்டு, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "ஏ செல்வி, கத்தரிக்கோல எங்கன வச்ச? ஜன்னலுக்குக் கீழ தையல் பெட்டியிலயா? அங்கனயே கெடக்கட்டும், இப்ப வேணாம்."

உரசல் நின்றது. பிறகு பெட்டி திறந்தது. கடக்.

டீயோடு நாங்கள் உள்ளே போனபோது முதலாளியம்மா நாற்காலியில் காந்தி படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பட்டுச்சேலை ஒரு பக்கம் கறுத்திருந்தது. டீயைக் குடிக்கவில்லை. கிளம்பும்போது அம்மாவின் கையை, வெள்ளி மினுங்கும் விரல்களை, ஒரு தடவை பார்த்தார். "அடுத்த திங்கக்கெழமையில இருந்து லேபிள் ரூமுக்குப் போயிரு" என்றார். அவர் எடுத்ததற்குக் கூலியா, நாங்கள் பார்க்காமல் இருந்ததற்குக் கூலியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். சனிக்கிழமை வாரச் சம்பளக் கவரைப் பிரித்தவள், உள்ளே இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவரைக் கிழித்தே பார்த்தாள். போர்மேனிடம் போய்க் கேட்டேன். "லேபிள் ஒட்டுறதுக்கு மருந்து ரூம் கூலி எவன்லே தருவான்? பீகாம் படிச்சவன், இதுகூடத் தெரியாமலா ஒங்கம்மாவ மாத்தச் சொன்ன?" என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அது. திரும்பப் போய்விடுகிறேன் என்றாள் அம்மா. நானும் செல்வியும் விடவில்லை. அப்பா லாரியிலிருந்து வந்து, வீட்டுக்குக் கறி எடுப்பதை நிறுத்தினார்.

அந்தக் கம்பெனி ஆபீஸ் ஜன்னலில் இப்போது பிளாஸ்டிக் கொடி தொங்குகிறது. தண்ணீரும் கேட்காது, யாரும் எடுக்கவும் மாட்டார்கள். அம்மாவின் நகக்கண்ணில் இருந்த வெள்ளி, பொங்கலுக்குள் வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டது. விடிகாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் இல்லாமல் போயிற்று. அது போனது என்றைக்கென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது போனதற்குக் கொடுத்த விலை தெரியும். அம்மாவின் கூலியில் நாளொன்றுக்கு நூற்று நாற்பது ரூபாய்.