சாம்பிராணிப் புகையும் கோமாளி மீன்களும்

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாவிட்டால் அம்மாவுக்கு வீடு வீடாக இருக்காது, அது யார் வீடாக இருந்தாலும் சரி. அப்பாவின் குடிக்கும் அடிக்கும் பயந்து நிபோங் திபாலிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தவள், ஜெலுத்தோங்கில் தன் தம்பியின் அடுக்குமாடி வீட்டிலும் வந்த வேகத்தில் தூபக்காலைக் கையில் எடுத்துவிட்டாள்.

மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "எல்லாம் உங்க இஷ்டம்லா அக்கா. இந்தத் தொட்டி மட்டும் பத்திரம்." கூடத்தில் இருந்த அந்தக் கடல்நீர்த் தொட்டியில் பூப்போல் விரியும் கடற்சாமந்தி என்ற உயிரும் இரண்டு கோமாளி மீன்களும் இருந்தன. வேறு மீன் பட்டால் கொட்டிவிடும் சாமந்தியின் விரல்களுக்குள் இவை மட்டும் மெத்தையில் படுத்ததுபோல் கிடக்கும். பவளப்பாறையிலும் இவற்றுக்கு அதுதான் வீடாம், அதைவிட்டு ஒரு முழம்கூட நகரமாட்டாவாம்.

அன்று அம்மா மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினாள். தொட்டிக்கு அடியில் தரையில் கிடந்த காற்று பம்ப் அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தபோது சாமந்தி சுருங்கிப் போயிருந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"போச்சுடி. நம்மள அனுப்பிடுவான்" என்றாள் அம்மா.

அனுப்பினால் போவதற்கு அப்பாவின் வீடு ஒன்றுதான் இருந்தது. அம்மா பம்பை நிறுத்தினாள். மீன்கள் இன்னும் மோசமாகத் திணறின. மறுபடி போட்டாள், புகைதான் வந்தது. கடைசியில் பம்பைக் கையில் தூக்கி, குழாய் எட்டியமட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். நான் துண்டை வீசிப் புகையை விரட்டினேன். பிறை நகரில் வேலை முடிந்து கிளம்பிவிட்டதாக மாமாவின் செய்தி கைப்பேசியில் வந்தது. கீழே கேட்ட ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமா கதவைத் திறந்தபோதும் அவள் பம்பும் கையுமாக அப்படியே நின்றாள்.

"தெரியாம பண்ணிட்டேன்டா தம்பி. நாளைக்கே நாங்க நிபோங் திபாலுக்குப் போயிடுறோம்."

மாமா தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பம்பை அவள் கையிலிருந்து வாங்கித் தாமே ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டார்.

"மீன் பொழைச்சாலும் செத்தாலும் நீங்க எங்கயும் போக வேணாம்லா. இது உங்க வீடு அக்கா. அடுத்த வெள்ளிக்கிழம இந்தப் பம்ப அணைக்காம வெளிய வெச்சுட்டுச் சாம்பிராணி போடுங்க, அவ்ளோதான்."

சிறிது நேரத்தில் மீன்கள் கீழிறங்கிச் சாமந்திக்குள் நுழைந்தன. நான் கைதட்டிக் குதித்தேன். அம்மாவோ தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். மீன்கள்தான் பிழைத்துவிட்டனவே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு, வந்து பாரேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.