தாட்சாயணி பிறந்த வீட்டில் யாருக்கும் இளைப்பு கிடையாது

பாலசமுத்திரத்துத் தாட்சாயணியிடம் ரத்தம் எடுப்பது சுலபம், வாயை மூடவைப்பதுதான் கஷ்டம். ஆஸ்துமாவும் அலர்ஜியும் எந்த மரபணு வழியாகக் குடும்பத்தில் இறங்குகின்றன என்று ஆராயும் திருப்பதி ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சப்படம் வரைவேன்.

அவர்களுடையது மாந்தோப்பு. பூ விட்டால் வீடே மூச்சுக்குத் திண்டாடும். நான் போனபோது கணவர் முனிகிருஷ்ணன் நெபுலைசர் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். பதில் பேச முடியாத அந்த நேரம் பார்த்துத்தான் அந்தம்மா திட்டுவார்.

“எல்லாம் இவுரு வம்சம் மேடம். எங்கம்மா வூட்ல ஒருத்தருக்கு இளைப்பு உண்டா? ஹச்! என் பொண்ணு காவ்யாவுக்கு வந்ததும் இவுராலதான். ஹச்! எனக்கு இது வெறும் தூசி.”

காவ்யாவைத் தன் தம்பி சுனிலுக்கே கட்டிக்கொடுக்க முகூர்த்தம் குறித்திருந்தார். பிறந்த வீட்டு ரத்தம் சேர்ந்தால் பேரப்பிள்ளை இளைக்காதாம். அதற்கு எங்கள் ஆய்வு சாட்சி சொல்லவேண்டுமாம்! காவ்யா சுவரோரம் நின்று துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அதையும் மாம்பூ என்றார் அம்மா.

“இவுரு பக்கம் தனியா, என் பக்கம் தனியா போடுங்க. ஒட்டக் கூடாது.”

போட்டேன். முனிகிருஷ்ணனின் அப்பா கங்கையா இளைத்தே செத்தவர். இந்தப் பக்கம் தாட்சாயணி, அவருக்கு மேலே அம்மா செங்கம்மா.

“செங்கம்மாவோட அப்பா பேரு?”

“கங்கையா.”

“எந்தக் கங்கையா?”

முனிகிருஷ்ணன் கையைத் தூக்கினார். செங்கம்மா அவருடைய சொந்த அக்கா. அக்கா மகளைத்தான் கட்டியிருந்தார். அட ஆண்டவா, இத்தனை வருஷமும் இந்தம்மா திட்டியது தன் தாத்தாவையா! தெரியாமலில்லை. தாலி ஏறியதும் மாமன் வீடு புருஷன் வீடாகிவிட்டது, அவ்வளவுதான்.

“சரி, சுனிலையும் காவ்யாவையும் சேத்தா கோடு எங்க போவும்?” என்றார் தாட்சாயணி.

“அதே கங்கையாகிட்டதான்க்கா. சுனிலுக்கு இளைப்பு இருக்கா?”

“அவனுக்கும்... தூசிதான்.”

“ரெண்டு பேருக்கும் இருந்தா புள்ளைக்கு வர வாய்ப்பு ஜாஸ்திக்கா.”

தாட்சாயணி கணவர் பக்கம் பாய்ந்தார். “ஏன் மாமா, உங்க நைனா இளைச்சிக்கினு கெடந்தத பாத்தும் என்னய ஏன் கட்டினே?”

முனிகிருஷ்ணன் முகமூடியைக் கழற்றினார். “அக்கா கட்டிக்கோன்னா, கட்டிக்கினேன். என்னய யாரு கேட்டாங்க?”

“உன்னயும் கேக்கலியா?”

தாட்சாயணியின் குரல் இறங்கிவிட்டது. பிறகு மகளைப் பார்த்தார். “உனக்கு சுனில புடிச்சிருக்குதாடி?”

“என்னய தோள்ல தூக்கினு திரிஞ்சவரும்மா அவரு. எனக்கு வேணாம்மா,” என்று காவ்யா உடைந்து அழுதாள்.

தாட்சாயணி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “டேய் சுனிலு, உனக்கு இந்தக் கல்யாணம் இஷ்டமாடா?”

“அப்பாடா!” என்றான் சுனில். “இப்பவாச்சும் கேட்டியேக்கா.”